பந்தயக் கார் கரிவர்தன்

நம்ம ராஜபாளையத்தைப் போலவே கோவையும் மில் ஊர். என் அப்பா மில் தொழிலாளி. சுந்தரம் கரிவர்தன் அவர்களும் மில் வீட்டுப் பிள்ளைதான். ஆனால் லட்சுமி மில் முதலாளி வீடு. பணம் இருந்ததால்தான் பந்தயக் கார் பக்கம் போக முடிந்தது, இதை மறைப்பானேன்?

1954-இல் பிறந்த அவர், சென்னைக்கு அருகே சோழவரத்தில், பழைய போர்க்கால விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில் கார் ஓட்டினார். ஓட்டுவதோடு நிற்காமல் காரைத் தானே வடிவமைக்கவும் இறங்கினார்.

வேகம் வேண்டுமென்றால் எஞ்சினில் கை வைக்கணும். லீவில் நான் வேலை பழகும் ஸ்ரீவில்லிபுத்தூர் பட்டறையில் அண்ணன் இதைப் பிரித்துக் காட்டினார். கேம் ஷாஃப்டின் மேடு உயரமாகவும் அகலமாகவும் இருந்தால் வால்வு அதிகம் திறக்கும், அதிக நேரம் திறந்திருக்கும். காற்றும் பெட்ரோலும் கூடுதலாக உள்ளே போகும். சரி, மூடுவது யார்? ஸ்பிரிங்தான். எஞ்சின் நிமிஷத்துக்கு 6000 சுற்று ஓடினால் ஒவ்வொரு வால்வும் செகண்டுக்கு 50 தடவை திறந்து மூடணும். பழைய ஸ்பிரிங் அதற்கு ஈடு கொடுக்காது. வால்வு மிதக்கும், பிஸ்டன் வந்து இடித்தால் எஞ்சினே போச்சு. கெட்டி ஸ்பிரிங் போட்டாலோ கேம் சீக்கிரம் தேயும். ஸ்லோவிலும் வண்டி திணறும். ஒன்றை மாற்றினால் இன்னொன்று, செலவுக்கு முடிவே கிடையாது. கடைசியில் காசுள்ளவன் கார்தான் முன்னால் போகும்.

கரிவர்தன் அவர்களின் பெருமை இங்கேதான் இருக்கிறது. 1980-களின் கடைசியில் மாருதி 800-இன் மூன்று சிலிண்டர், 796 சி.சி. எஞ்சினை வைத்து, ஒற்றை ஆள் உட்காரும் பந்தயக் காரைக் குறைந்த செலவில் செய்தார். பெயர் ஃபார்முலா மாருதி. எல்லாருக்கும் ஒரே வகை எஞ்சின் என்றால் ஓட்டுகிறவன் கைதானே பேசும்! கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன் 1992-இல் ஓட்டத் தொடங்கியது இந்தக் காரில்தான். 2005-இல் அவர் ஃபார்முலா ஒன் வரை போனார்.

அதைப் பார்க்க கரிவர்தன் இல்லை. 1995-இல் வானூர்தி விபத்தில் இறந்தார், வயது 41. கோவை செட்டிபாளையத்தில் 2003-இல் திறந்த பந்தயத் தளத்துக்குக் கரி என்றே பெயர் வைத்தார்கள். நான் இன்னும் போனதில்லை.

போன வாரம் லேபில் மாருதி எஞ்சினின் ஆறு வால்வு ஸ்பிரிங்குகளை வெர்னியரில் அளந்தோம். ஒன்று மட்டும் நீளம் குறைவு. மறுபடி அளந்து பார்த்துவிட்டு ரெக்கார்டு நோட்டில் எழுதினேன்.