சேர்ந்து பாடச் சொன்னவர்

சத்துவாச்சாரியிலிருந்து காட்பாடி வழியாக வடக்கே பஸ் ஏறினால் சித்தூர் தூரமில்லை. 1911 வரை நமது வட ஆற்காடு மாவட்டத்துக்கு அதுதான் தலைநகர். அந்தச் சித்தூரில் 1925 செப்டம்பர் 19இல் பிறந்தவர் எம்.பி. சீனிவாசன். இசையமைப்பாளர், சேர்ந்திசை நடத்துநர், இசை ஆசிரியர் என்று அவரை உலகம் அறியும். தோல் பதனிடும் தோழர்களுக்கு அவரைச் சங்கம் கட்டியவர் என்றே நாம் அறிமுகம் செய்வோம்.

மாணவப் பருவத்திலேயே பொதுவுடைமை இயக்கத்துக்கு வந்துவிட்டார். டில்லியில் தோழர் ஏ.கே. கோபாலனுக்குச் செயலாளராக இருந்தார். பஞ்சாபின் விடுதலை வீரர் சைபுதீன் கிச்சலுவின் மகள் சாகிதாவை மணந்தார். மதம் குறுக்கே நிற்கவில்லை.

1960இல் நிமாய் கோஷ் இயக்கிய 'பாதை தெரியுது பார்' படத்துக்கு இசையமைத்தார். தொழிலாளர் வாழ்வைச் சொன்ன படம். ஜெயகாந்தன் அதற்குப் பாட்டெழுதினார். படம் ஓடவில்லை, பாட்டுகள் நின்றன. தமிழ்ப் படவுலகம் அதன் பிறகு அவரைப் போதுமான அளவு அழைக்கவில்லை என்பது நமது வருத்தம். மலையாளம் அழைத்தது. 1961இல் யேசுதாஸ் என்ற இளைஞரை முதன்முதலாகத் திரைக்குப் பாட வைத்தவர் இவரே.

பாடகருக்குப் பெயர் கிடைக்கும். பின்னால் உட்கார்ந்து வயலின் இழைப்பவனை, தபேலா தட்டுபவனை யார் கேட்டார்கள்? அவனும் கூலிக்காரன்தானே! அந்த வாத்தியக் கலைஞர்களைச் சங்கமாகத் திரட்டினார் சீனிவாசன். தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனம் எழுந்ததிலும் நிமாய் கோஷுடன் அவருக்குப் பங்குண்டு. மெட்டுப் போடுகிறவர் கூலி பேசவும் வந்தது சில முதலாளிகளுக்குக் கசந்திருக்கும். கசக்கட்டும்!

அடுத்து வந்ததுதான் பெரிய வேலை. நமது கச்சேரி மேடையில் ஒருவர் பாடுவார், ஊர் கேட்கும். பஜனையில் எல்லோரும் பாடினாலும் எல்லோருக்கும் ஒரே மெட்டு. சேர்ந்திசை வேறு. ஆண்கள் ஒரு சுரவரிசை, பெண்கள் ஒரு சுரவரிசை, ஒரே நேரத்தில் எழ வேண்டும், மோதக் கூடாது. மேல்நாட்டார் பழகிய இந்த முறையை ராகம் சிதையாமல் நம் பாட்டில் பொருத்துவது எளிதல்ல. 1970களின் தொடக்கத்தில் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை அமைத்து அதைச் செய்து காட்டினார். பாரதி பாடல்கள் பல குரலில் எழுந்தன. பாட வந்தவர்கள் தொழில்முறைப் பாடகர்கள் அல்லர். வேலைக்கும் படிப்புக்கும் போகிறவர்கள். ஆபீஸ் முடிந்து வந்தவரை நிறுத்தி, பக்கத்தில் நிற்பவன் குரலைக் காதில் வாங்கிக்கொண்டே தன் குரலை விடாமல் பிடிக்கப் பழக்கினார். சங்கக் கூட்டம் நடத்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இது எவ்வளவு பாடு என்று.

1988 மார்ச் 9இல் இலட்சத்தீவுக்குச் சென்றிருந்த இடத்தில் உயிர் பிரிந்தது. வயது 62. குழு கலையவில்லை. அவரிடம் பயின்றவர்களே முன்னால் நின்று கையசைக்க, பாட்டு தொடர்ந்தது.