தூத்துக்குடிக் கடலில் வ.உ.சி.

வ.உ.சிதம்பரம்பிள்ளை செக்கிழுத்த கதை எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னர் அவர் நடத்தியது ஒரு வணிகப் போர்.

தூத்துக்குடியின் கரையோரக் கடல் ஆழம் குறைந்தது. கொழும்புக் கப்பல்கள் சில மைல் தொலைவில் நங்கூரமிடும். அரிசி மூட்டையும் தோட்டத்துக்குப் போகும் கூலியாட்களும் தோணியில் போய்த்தான் ஏறவேண்டும். அந்தச் சின்னத் துறைமுகத்தின் கப்பல் வழியைப் பிரிட்டிஷ் கம்பனி ஒன்று கையில் வைத்திருந்தது.

1872இல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த இந்த வழக்கறிஞர், 1906இல் வணிகர்களிடம் பங்கு திரட்டிச் சுதேசிக் கப்பற் கம்பனியைப் பதிவுசெய்தார். வாடகைக்குக் கப்பல் கொடுத்தவர்கள் நெருக்குதலால் பின்வாங்கவே, கொழும்பிலிருந்து வேறொரு கப்பலை அமர்த்தினார். 2006இல் ஏ-9 பாதை மூடப்பட்டபின் திருகோணமலைக் கப்பலை எதிர்பார்த்துக் கிடந்த யாழ்ப்பாணத்தாருக்கு, கப்பல் யார் கையில் என்பதன் பொருளை விளக்கத் தேவையில்லை.

1907இல் காலியா, லாவோ என்ற சொந்தக் கப்பல்கள் வந்தன. போட்டிக் கம்பனி கட்டணத்தை அடிமட்டத்துக்கு இறக்கியது. 1908 மார்ச்சில் அவர் கைதானார். விதிக்கப்பட்ட இரட்டை ஆயுள் தண்டனை மேன்முறையீட்டில் குறைந்தது. 1912 டிசெம்பரில் வெளியே வந்தபோது கம்பனியும் இல்லை, கப்பல்களும் இல்லை. வழக்காடும் உரிமையும் பறிபோயிருந்ததால் சென்னையில் சிறு வியாபாரம் செய்து பிழைத்தார். 1936இல், கடன் தீராமலே, தூத்துக்குடியில் இறந்தார்.