காத்திருந்து கண்ட அப்பர் பெருமான்

சைவ சமய குரவர் நால்வருள் ஒருவராகிய திருநாவுக்கரசு நாயனார் 7ஆம் நூற்றாண்டில் தமிழகத்தில் வாழ்ந்தவர். நான்காம், ஐந்தாம், ஆறாம் திருமுறைகள் அவர் அருளியவை. கல்லைப் பூட்டிக் கடலில் இட்டபோதும் அவர் மிதந்து கரையேறிய அற்புதத்தை நம் குழந்தைகளும் அறிவர். ஆயினும் சேக்கிழார் பெருமான் பெரிய புராணத்தில் விரித்துரைக்கும் அவ்வரலாற்றை ஊன்றிப் படிப்போர்க்கு, இறையருள் பலமுறை அவருக்குத் தாமதித்தே வந்தது என்பதும், வரும்வரை அவர் தம் தொண்டினின்றும் விலகவில்லை என்பதும் புலனாகும்.

திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரில் புகழனார், மாதினியார் தம்பதியருக்குத் திலகவதியார் மகளாகவும், மருள்நீக்கியார் மகனாகவும் தோன்றினர். தந்தை நோயுற்று மறைய, தாயும் உடன் மறைந்தார். திலகவதியாருக்கு மணம் பேசப்பட்டிருந்த படைத்தலைவர் கலிப்பகையாரும் போர்க்களத்தில் வீழ்ந்தார். உயிர் விடத் துணிந்த அம்மையார், தம்பி தனித்து நிற்பதை எண்ணி உயிர் தாங்கினார். அத்தம்பியோ பின்னர்ச் சமண சமயம் புகுந்து, பாடலிபுத்திரம் எனப்பட்ட திருப்பாதிரிப்புலியூரில் தருமசேனர் என்னும் பெயருடன் தலைமை பெற்றார்.

அம்மையார் தம்பியிடம் வாதிட்டதாகச் சேக்கிழார் கூறவில்லை. கெடில நதிக்கரையிலுள்ள திருவதிகை வீரட்டானத்தை அடைந்து, நாள்தோறும் புலர்வதற்கு முன் எழுந்து திருவலகிட்டார். சாணம் கொண்டு மெழுகினார். மலர் கொய்து மாலை தொடுத்தார். தம்பியை மீட்டருள வேண்டும் என்பதே அவர்தம் விண்ணப்பம். எம்பெருமான் கனவில் தோன்றி, சூலை நோய் தந்து அவரை ஆட்கொள்வதாக அருளினார். வேண்டியது தம்பியின் நலம்; வந்ததோ தம்பிக்குப் பிணி! அருள் இவ்வாறும் வருமோ என்று நாம் மலைக்கலாம். அம்மையார் மலைக்கவில்லை.

மந்திரமும் மருந்தும் பலிக்காமல் வயிற்று வலியால் துடித்த தருமசேனர், சமையற்காரர் ஒருவரைத் தமக்கையாரிடம் அனுப்பினார். தாம் அங்கு வருவதற்கில்லை என்று அம்மையார் மறுத்துவிட்டார். இத்தனை காலம் காத்திருந்தவர், அழைப்பு வந்த அக்கணத்திலும் நிலை தளராமல் நின்றமை எண்ணுந்தோறும் வியப்பளிப்பதாகும். அன்றிரவே தம்பியார் தாமே திருவதிகைக்கு வந்து வணங்க, அம்மையார் ஐந்தெழுத்தை ஓதித் திருநீறு அளித்துத் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார். நான்காம் திருமுறையின் முதற்பதிகம் அங்கேதான் பிறந்தது; நோயும் அகன்றது. நாவுக்கரசு என்னும் திருப்பெயரும் அங்கேயே கிடைத்தது.

பின்னர்ப் பல்லவ மன்னனால் நீற்றறையில் 7 நாள் அடைக்கப்பட்டதும், நஞ்சும் யானையும் ஏவப்பட்டதும் யாவரும் அறிந்தவையே. இவற்றினும் நுட்பமான சோதனை திருமறைக்காட்டில் நேர்ந்தது.

அத்தலத்தில் வேதங்கள் வழிபட்டு அடைத்துச் சென்ற திருக்கதவு திறவாதிருந்தது. மக்கள் பக்கத்தில் வேறோர் வாயில் அமைத்து அதன்வழியே சென்று வழிபட்டு வந்தனர். தோட்டப்புறத்தில் தகரக் கொட்டகையில் அம்மனை வழிபட்டு, கோபுரம் எழும் நாளுக்காகத் தலைமுறைகளாகக் காத்திருந்த குடும்பங்கள் ஜொகூரில் பல உண்டு. அம்மக்களின் மனநிலையை அவர்கள் எளிதில் உணர்வர். திருஞானசம்பந்தர் வேண்டிக்கொள்ள, அப்பர் பெருமான் கதவு திறக்கப் பாடினார். பாட்டுக்குமேல் பாட்டாகப் பாடியும் கதவு அசையவில்லை. பதிகத்தின் முடிவில் உள்ளம் உருகி முறையிட்ட பின்னரே அது திறந்தது. மீண்டும் அடைக்கச் சம்பந்தப் பெருமான் பாடிய முதற்பாட்டிலேயே கதவு மூடிக்கொண்டது!

அன்றிரவு அப்பருக்கு மனம் அமைதி கொள்ளவில்லை. தாம் பாடத் தாமதித்துத் திறந்ததையும், பிள்ளையார் பாட உடனே அடைத்ததையும் எண்ணி, இறைவன் திருக்குறிப்பை அறியாது போனேனே என வருந்தினார். இறைவன் தோன்றி, திருவாய்மூருக்குத் தொடர்ந்து வருமாறு பணித்தார். அண்மையில் செல்வது போலிருந்தும் அவரை அணுக இயலாமல் அப்பர் பின்தொடர்ந்தார். சம்பந்தரும் உடன் வந்து சேர, இறைவன் முதலில் அவருக்கே காட்சி தந்தார். சம்பந்தர் சுட்டிக் காட்டவே அப்பரும் கண்டு பாடினார். வயதில் மூத்தவர், இளையவர் காட்டக் கண்டார். அதில் அவருக்குச் சிறிதும் மனக்குறை இல்லை.

அப்பருக்கு எப்போதும் பிந்தியே கிடைத்தது என்றும் கொள்ளலாகாது. திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது இருவருக்கும் நாள்தோறும் படிக்காசு அருளப்பட்டது. அப்பர் பெற்ற காசு குறையின்றி மாறியது. சம்பந்தர் பெற்ற காசுக்கு வாசி கேட்டனர். ஆதலால் அவர் திருமடத்தில் அமுது ஆகத் தாமதமாயிற்று. உழவாரப்படை ஏந்திக் கைத்தொண்டு செய்தவர் அப்பர் என்பதே அதற்குக் காரணமாகச் சொல்லப்படும். நம் ஆலயங்களில் அன்பர்கள் கூடிச் செய்யும் துப்புரவுத் தொண்டு உழவாரப் பணி எனப்படுவதும் அக்கருவியாலேதான்.

முதுமையில் கயிலைக் காட்சியை விழைந்து வடதிசை நோக்கிப் புறப்பட்டார். காசியில் உடன் வந்தோரை விடுத்துத் தனியே சென்றார். கால்கள் தேயக் கைகளால் தாவினார், கைகள் சிதைய மார்பால் ஊர்ந்தார், பின்னர் உருண்டார். அந்நிலையில் முனிவர் வடிவில் இறைவன் எதிர்வந்து, மானிடர்க்கு இது எய்தற்கரிது, மீண்டு செல்க என்றார். அப்பர் இசையவில்லை. அங்கிருந்த பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் கயிலைக் கோலம் காண்க என்று திருவருள் ஒலித்தது. தடை சொன்ன அருளே வழியும் காட்டியதால், அவர் மூழ்கினார். சிதைந்த உறுப்புகள் நலமுற, திருவையாற்றுக் குளத்தில் எழுந்தார். எதிரே பிடியுடன் வந்த களிறு முதலாக, இணை இணையாக வந்த உயிர்கள் அனைத்தும் அம்மையப்பர் வடிவாகவே அவர் கண்களுக்குத் தோன்றின. ஆடி அமாவாசை நாளில் அக்காட்சி இன்றும் அத்தலத்தில் விழாவாகக் கொண்டாடப்படுகிறது.

நிறைவாகத் திருப்புகலூரில் உழவாரம் செய்து வருகையில் மண்ணில் பொன்னும் மணியும் மின்னின. அவற்றைக் கற்களோடு சேர்த்து வாரிக் குளத்தில் எறிந்துவிட்டு அவர் பணியைத் தொடர்ந்தார். அவ்வூரிலேயே, தம் 81ஆம் வயதில், சித்திரைத் திங்கள் சதய நாளில், இறைவன் திருவடி அடைந்தார்.