தராசை நம்பிய லவாய்சியர்

பிறந்தநாள் கேக்கில் மெழுகுவர்த்தி ஏத்துவீங்க, இல்லையா? எரிய எரிய அது குட்டையாகிவிடும். அப்போ அந்த மெழுகு எங்கே போச்சு?

இப்படிக் கேள்வி கேட்ட ஒருவரைப் பற்றிப் படிப்போமா? அவர் பெயர் அந்துவான் லவாய்சியர். 1743-இல் பிரான்ஸ் நாட்டின் பாரிஸ் நகரில் பிறந்தார். ஐந்து வயதில் அம்மாவை இழந்தார். சட்டம் படித்தார். ஆனால் மனசு முழுக்க வேதியியல்தான்!

ஒரு பொருள் எரியும்போது அதிலிருந்து ஏதோ ஒன்று வெளியே போகிறது என்று அந்தக் காலத்தில் பலர் நம்பினார்கள். லவாய்சியர் தராசை எடுத்தார். 1774-இல் வெள்ளீயத்தைக் கண்ணாடிக் குடுவையில் போட்டு, காற்றுப் புகாமல் மூடிச் சூடாக்கினார். உலோகத்தின் மேல் சாம்பல் மாதிரி ஒன்று படிந்தது. குடுவையின் எடை மாறியதா? இல்லவே இல்லை! திறந்ததும் வெளிக்காற்று உஸ்ஸென்று உள்ளே புகுந்தது. இப்போதுதான் எடை கூடியது. ஏன் தெரியுமா? உள்ளே இருந்த காற்றில் ஒரு பகுதியை உலோகம் எடுத்துக்கொண்டது. அந்தப் பகுதிக்குப் பின்னர் அவரே ஆக்சிஜன் என்று பெயர் வைத்தார்.

உங்க மெழுகும் காணாமல் போகவில்லை. ஆக்சிஜனோடு சேர்ந்து, கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் காற்றில் கலந்துவிட்டது.

எடை தொலையாது என்றால் கணக்குப் போடலாமே! பாதரச ஆக்சைடு ஒரு சிவப்புப் பொடி. நன்றாகச் சூடாக்கினால் பாதரசமும் ஆக்சிஜனும் பிரியும். 108 கிராம் பொடியில் ஏறத்தாழ 100 கிராம் பாதரசம் கிடைக்கும். மீதி 8 கிராம் ஆக்சிஜன். 216 கிராம் பொடி என்றால் இரண்டும் இரண்டு மடங்கு. 54 கிராம் என்றால்? நீங்களே சொல்லுங்க பார்ப்போம். (வீட்டில் செய்து பார்க்காதீங்க! பாதரசம் நஞ்சு.)

அவருடைய மனைவி மரி, கருவிகளைப் படமாக வரைந்து கொடுத்தார். ஆங்கில நூல்களை மொழிபெயர்க்க ஆங்கிலமும் கற்றார்.

துல்லியமான தராசுகளுக்கு நிறையப் பணம் வேண்டும். அரசனுக்காக வரி வசூலித்த நிறுவனத்தில் லவாய்சியர் ஒரு பங்குதாரர். அந்தப் பணம்தான் ஆய்வுக்கு உதவியது. ஆனால் வரி வசூலித்தவர்களை மக்கள் வெறுத்தார்கள். 1789-இல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. 1794 மே 8 அன்று லவாய்சியருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அவருக்கு வயது 50தான். மரியின் அப்பாவும் அதே நாளில் கொல்லப்பட்டார்.

மரி மனம் தளர்ந்துவிடவில்லை. கணவர் எழுதியவற்றைத் தேடிச் சேர்த்து, 1805-இல் நூலாக வெளியிட்டார்.