23 மணி நேரம் ஸ்டீயரிங்கை விடாத மனிதர்... யார் இந்த பியர் லெவெக்?

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர ரேஸில் நடிகர் அஜித்குமாரின் டீம் அவங்க பிரிவில் மூணாவது இடம் பிடிச்சது ஞாபகம் இருக்கா? அன்னிக்கு உங்க வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் முழுக்க அந்த வீடியோதான் ஓடியிருக்கும். கூடவே நிறைய பேருக்கு ஒரு சந்தேகமும் வந்திருக்கும். 24 மணி நேரமும் ஒரே ஆள்தான் ஓட்டணுமா?

இல்லை. ஒரு காருக்குப் பல டிரைவர்கள் இருப்பாங்க. ஒருத்தர் ஓட்டும்போது இன்னொருத்தர் சாப்பிடலாம், தூங்கலாம். ஸ்டீயரிங்கை எப்போ அடுத்தவர் கையில் கொடுக்கணும்னு தெரிஞ்சுக்கிறதுதான் எண்டியூரன்ஸ் ரேஸின் பெரிய பாடம்.

அந்தப் பாடத்தை உலகத்துக்கே கத்துக்கொடுத்த ஒருத்தர் இருக்கார். தன் காரில் இன்னொருத்தரை உட்காரவே விடாதவர். பெயர், பியர் லெவெக்.

மாமா விட்டுப்போன பெயர்!

1905 டிசம்பரில் பாரிஸில் பிறந்தவருக்கு வீட்டில் வெச்ச பெயர் பியர் புயான். அவருடைய மாமா ஆல்ஃபிரட் வெல்க், கார் ரேஸ் தொடங்கின காலத்து ஹீரோ. தன் பெயரின் எழுத்துகளை இடம் மாத்திப் போட்டு, `லெவெக்'னு ஒரு புனைபெயரில் ரேஸ் ஓட்டினவர். மருமகன் பிறக்கிறதுக்கு முந்தின வருஷமே அவர் இறந்துட்டார். நேரில் பார்க்காத அந்த மாமாவின் ரேஸ் பெயரை மருமகன் தன் பெயராகவே எடுத்துக்கிட்டார்.

லெவெக்குக்கு ஐஸ் ஹாக்கியும் தெரியும், டென்னிஸும் நல்லா வரும். ஆனா மனசு முழுக்க இருந்தது, பிரான்ஸின் ல மான் ரேஸ்தான். 1923-ல் தொடங்கின இந்த ரேஸ், சனிக்கிழமை சாயங்காலம் 4 மணிக்கு ஆரம்பிச்சு ஞாயிற்றுக்கிழமை 4 மணிக்கு முடியும். வேகமா போனா மட்டும் பத்தாது. ஹெட்லைட், பிரேக், இன்ஜின் எல்லாம் ஒரு முழு நாள் தாக்குப்பிடிக்கணும்.

1951-ல் அங்கே அவருக்கு நாலாவது இடம். அடுத்த வருஷம் டால்போ கார் ஒன்றைத் தன் சொந்தப் பொறுப்பில் தயார் பண்ணி எடுத்துட்டு வந்தார். அப்போ வயசு 46.

ஒரே ஒரு ஆள்... ஒரே ஒரு கார்!

1952 ரேஸில் ஃபெராரி, ஜாகுவார்னு பெரிய கார்கள் வரிசையா பழுதாகி வெளியேறின. நடு ராத்திரிக்கு அப்புறம் முன்னாடி போய்க்கிட்டிருந்த கோர்டினி காரும் நின்னுடுச்சு. இப்போ முதலிடத்தில் லெவெக்!

பெட்ரோல் போட பிட்டுக்கு வரும்போதெல்லாம் சக டிரைவர் ரெனே மார்ஷான் தயாரா நின்னார். லெவெக் இறங்கவே இல்லை. டீம் கெஞ்சினது. ம்ஹூம்! விடிஞ்சது, மதியமும் ஆச்சு. பின்னாடி வந்த மெர்சிடிஸ் கார்களைவிட நாலு லேப் முன்னிலை. ஒரு லேப்னா சுமார் 13.5 கிலோமீட்டர். அப்போ கணக்குப் போட்டுக்கோங்க.

ரேஸ் முடிய ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமா இருக்கும்போது இன்ஜின் உடைஞ்சது. கிட்டத்தட்ட 23 மணி நேரம் தனியா ஓட்டின மனுஷன், ட்ராக் ஓரமா நின்னுட்டார். முதல் ரெண்டு இடமும் மெர்சிடிஸுக்கு.

போர் முடிஞ்சு ஏழே வருஷம். பிரெஞ்சு மண்ணில், பிரெஞ்சு கார் தோத்து ஜெர்மன் கார் ஜெயிச்சா ஊர் சும்மா இருக்குமா? அசதியில் கியரைத் தப்பா போட்டுத்தான் இன்ஜினைக் கெடுத்தார், பேராசைக்காரர்னு திட்டித் தீர்த்தாங்க. லெவெக் சொன்ன காரணம் வேற. ஆரம்பத்திலிருந்தே இன்ஜினில் ஒரு அதிர்வை அவர் உணர்ந்திருந்தார். அதைப் பக்குவமா கொண்டுபோக தன்னால் மட்டும்தான் முடியும்னு நம்பினார்.

இது ஆணவமா, அக்கறையா? இன்னிக்கும் ரேஸ் ரசிகர்கள் சண்டை போடுற கேள்வி இது. ஒண்ணு மட்டும் நிச்சயம். இன்னிக்கு காரில் இருக்கிற சென்சார்கள் சின்ன அதிர்வைக்கூட உடனே பிட்டில் இருக்கிற கம்ப்யூட்டருக்குச் சொல்லிடும். அன்னிக்கு இருந்த ஒரே சென்சார், டிரைவரின் உடம்புதான்.

மெர்சிடிஸ் கொடுத்த அழைப்பு!

அவரைத் தோற்கடிச்ச அதே மெர்சிடிஸ்தான் 1955-ல் அவரைக் கூப்பிட்டது. வயசு 49. கார், அன்றைய உலகின் அதிவேக கார்களில் ஒன்றான 300 எஸ்.எல்.ஆர். இந்த முறை அவரோட ஜோடி, அமெரிக்கர் ஜான் ஃபிட்ச்.

இங்கே ஒரு டெக்னிக்கல் விஷயம் முக்கியம். ஜாகுவாரில் அப்போ புதுசா வந்திருந்த டிஸ்க் பிரேக். இன்னிக்கு உங்க பைக்கில் இருக்கே, அதேதான். மெர்சிடிஸில் பழைய டிரம் பிரேக். அந்தக் குறையைச் சரிக்கட்ட, டிரைவருக்குப் பின்னாடி காற்றைத் தடுக்கும் ஒரு மூடி.

ஜூன் 11, சாயங்காலம் 6.26. ஜாகுவாரில் வந்த மைக் ஹாதார்ன், லான்ஸ் மாக்லினின் ஆஸ்டின் ஹீலியைத் தாண்டி, பிட்டுக்குள் போக பிரேக் அடிச்சார். பிட்டுக்கும் ட்ராக்குக்கும் நடுவில் அப்போ சுவரே கிடையாது. மோதாம இருக்க மாக்லின் இடதுபக்கம் ஒதுங்கினார். பின்னாடி 200 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் லெவெக். ஹீலியின் பின்பக்கத்தில் ஏறி, அவர் கார் பறந்து, பார்வையாளர்கள் பக்கம் இருந்த மண்மேட்டில் மோதிச் சிதறியது. இன்ஜினும் முன் அச்சும் கூட்டத்துக்குள் பாய்ந்தன. மெக்னீசியம் கலந்த பாடி என்பதால், தண்ணீர் ஊத்த ஊத்த தீ அதிகமானது. லெவெக்கும், 80-க்கும் மேற்பட்ட பார்வையாளர்களும் இறந்தாங்க. கார் ரேஸ் வரலாற்றின் மிகப்பெரிய விபத்து அதுதான்.

தன் முறைக்காக ஃபிட்ச் காத்திருந்தார். அது வரவே இல்லை.

லெவெக்குக்குப் பின்னாலேயே வந்தவர், உலக சாம்பியன் ஃபாஞ்சியோ. மோதுறதுக்கு முந்தின கணம் லெவெக் கையைத் தூக்கி எச்சரிச்சதாகவும், தன் உயிர் தப்பினதுக்கு அதுதான் காரணம்னும் அவர் பிற்பாடு சொன்னார். விசாரணையிலும் எந்த டிரைவர் மேலயும் குற்றம் சொல்லலை. வேகம் இவ்வளவு கூடியும் ட்ராக் மட்டும் பழசாவே இருந்ததுதான் பிரச்னைனு முடிவாச்சு.

மஞ்சள் டிரம்களில் ஒரு நினைவு!

அதுக்கப்புறம் நிறைய மாறியது. ல மானில் பிட்டும் கேலரியும் மாத்திக் கட்டப்பட்டன. சுவிட்சர்லாந்து, ட்ராக் ரேஸ்களையே பல பத்தாண்டுகள் தடை பண்ணியது. இப்போ ல மானில் ஒரே டிரைவர் 6 மணி நேரத்துக்குள் 4 மணி நேரத்துக்கு மேல ஓட்டக்கூடாது; மொத்தமா 14 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. லெவெக்கே திரும்பி வந்தாலும், இறங்கித்தான் ஆகணும்.

இன்னொரு மாற்றம், ஃபிட்ச் மூலமா வந்தது. மீதி வாழ்க்கையில் அவர் அதிகம் யோசிச்சது சாலைப் பாதுகாப்பைப் பத்தித்தான். அமெரிக்க நெடுஞ்சாலைகளில் தடுப்புச்சுவர் முனையில், மணல் நிரப்பின மஞ்சள் பிளாஸ்டிக் டிரம்களைப் படங்களில் பார்த்திருப்பீங்க. கார் மோதினா வேகத்தை வாங்கிக்கிட்டு உள்ளே இருக்கிறவரைக் காப்பாத்தும். அது ஃபிட்ச்சின் கண்டுபிடிப்பு.

அடுத்த தடவை 24 மணி நேர ரேஸ் வீடியோ பார்க்கும்போது, டிரைவர் மாறுற அந்தச் சில நொடிகளை ஸ்கிப் பண்ணாம பாருங்க. ஒருத்தர் அவசரமா இறங்குவார், இன்னொருத்தர் உள்ளே ஏறுவார், பெல்ட்டை இழுத்து மாட்டிவிடுவாங்க. பார்க்க ரொம்பச் சாதாரணமா இருக்கும். 1952-ல் லெவெக்கால் செய்ய முடியாம போனது அந்த ஒண்ணைத்தான்.