பாவத்தின் ஆளுகையினின்று விடுதலை: எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் வாழ்வும் காப்பியமும்

நெல்லைச் சீமையின் கரையிருப்பில் 1827ஆம் ஆண்டு வைணவ வேளாளர் குடியில் பிறந்தவர் கிருஷ்ணபிள்ளை. தந்தை சங்கரநாராயண பிள்ளை கம்பராமாயணப் புலமை மிக்கவர். ஆதலின் காப்பிய மரபு மகனுக்கு இல்லத்திலேயே வாய்த்தது. 1853இல் சாயர்புரத்தில் தமிழாசிரியராய் அமர்ந்தபோது அவர் கிறித்தவத்தை ஏற்றவரல்லர். நண்பர் தனக்கோடி ராஜுவின் தொடர்பால் மனம் திரும்பி, 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்று, ஹென்றி ஆல்பிரட் என்னும் பெயரைப் பூண்டார்.

இரட்சணிய யாத்திரிகம் நூல்வடிவம் பெற்றதோ 1894இல். திருமுழுக்கிற்கும் நூலுக்கும் இடைப்பட்டவை 36 ஆண்டுகள். காப்பியத்தின் உட்பொருளை இவ்விடைவெளியோடு சேர்த்தே நோக்குதல் வேண்டும். அதற்கு மூலமான ஜான் பன்யனின் 1678ஆம் ஆண்டுக் கதையில், பயணியின் முதுகுச்சுமை சிலுவையடியில் கழன்று விழுகிறது. ஆயினும் பயணம் முடிவதில்லை. தாழ்மைப் பள்ளத்தாக்கில் அப்பொல்லியோன் அவனைத் தன் குடிமகன் என்று உரிமை கொண்டாடி வழிமறிக்கிறான். பாவத்தை ஆளும் மன்னனாக உருவகிக்கும் பவுலின் உரோமர் மடலே இதற்கு அடிப்படை. குற்றம் மன்னிக்கப்படுதல் வேறு. பழைய ஆண்டையின் குரலுக்குப் பணியாதிருத்தல் வேறு. பின்னது நாள்தோறும் நிகழவேண்டுவது.

கிருஷ்ணபிள்ளை இக்கதையை ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணியப் பருவங்களாக வகுத்தார். பன்யன் சுருங்கத் தொட்ட கிறித்துவின் பாடுகளைக் குமார பருவத்தில் விரித்துரைத்தார். விடுதலையின் ஊற்று மனித முயற்சியன்று என்பதை அவ்விரிவு நிறுவுகிறது. காடு அதற்குப் பின்னரே வருகிறது. மனமாற்றத்தையே முடிவெனக் கருதிய ஒருவர் இக்கதையைத் தேர்ந்திருப்பாரா என்பது ஐயமே. 1898இல் இரட்சணிய சமய நிர்ணயமும் 1899இல் இரட்சணிய மனோகரமும் வெளிவந்தன. மறு ஆண்டு அவர் மறைந்தார்.