அரிஸ்டீட் புருவான் (1851 – 1925)

அகன்ற கறுப்புத் தொப்பி, கறுப்பு மேலங்கி, கழுத்தைச் சுற்றி ஒரு சிவப்புச் சால்வை. பிரெஞ்சு ஓவியர் துலூஸ் லோட்ரெக்கின் சுவரொட்டிகளைப் பார்த்த மாணவர்கள் இவ்வுருவத்தை மறந்திருக்கமாட்டார்கள். பாரிஸ் நகரின் பாடகரும் இரவு விடுதி உரிமையாளருமான அரிஸ்டீட் புருவானே அவர்.

இவர் 1851 மே 6ஆம் திகதி கூர்த்தனே என்னும் சிற்றூரில் பிறந்தார். குடும்பம் நொடிந்து போனமையால் இளவயதிலேயே பாரிசில் உழைக்க வேண்டியதாயிற்று. நகைப் பட்டறையில் தொழில் பழகினார். 1870இல் மூண்ட பிரான்ஸ் – பிரசிய யுத்தத்தில் போரிட்டார். பின்னர் வடபகுதிப் புகையிரதக் கம்பனியில் இலிகிதரானார். அக்காலத்தில் தொழிலாளர் கூடும் மலிவான மதுச்சாலைகளுக்குச் சென்று அவர்களது பேச்சைக் கூர்ந்து கேட்டார். கற்றோர் இழிவாக எண்ணிய அக்கொச்சை மொழியே அவரது பாட்டின் மொழியாயிற்று. 1901இல் அதற்கு ஓர் அகராதியையும் அவர் வெளியிட்டார்.

மொன்மாத்ர் பகுதியில் ரொடோல்ப் சாலிஸ் என்பவர் 1881இல் 'கறுப்புப் பூனை' என்ற விடுதியைத் தொடங்கினார். புருவான் அங்கு பாடிப் புகழ் பெற்றார். 1885இல் சாலிஸ் வேறிடத்துக்குச் செல்ல, அதே கட்டடத்தில் புருவான் 'மிர்லிட்டோன்' என்ற தமது விடுதியைத் திறந்தார். சாலிஸ் விட்டுச்சென்ற பழங்காலக் கதிரை ஒன்றைத் திருப்பிக் கொடாது, காட்சிப் பொருளாகத் தொங்கவிட்டு, அதைப் பற்றியே ஒரு பாட்டும் கட்டினார் என்பர்.

திறந்த நாளில் வந்தோர் மிகச் சிலரே. ஆத்திரமுற்ற புருவான் அவர்களை வாய்க்கு வந்தபடி ஏசினார் என்றும், அவர்களோ அதை இரசித்தனர் என்றும் கூறப்படுகிறது. அன்று முதல் ஏச்சே விடுதியின் வழக்கமாயிற்று. பிரபுக்களும் செல்வந்தரும் காசு கொடுத்து ஏச்சு வாங்க வந்தனர்! அவர்கள் முன் புருவான் பாடியவை வேலையற்றோர், சிறைப்பட்டோர், தெருவில் வாழ்வு தேடிய பெண்கள் ஆகியோரின் துயரங்களாகும்.

1892இல் அம்பாசடர் அரங்கில் பாட அழைக்கப்பட்டபோது தமது சுவரொட்டியை வரையும் பணியை லோட்ரெக்கிடம் ஒப்படைத்தார். அரங்கின் முகாமையாளருக்கு அது பிடிக்கவில்லை. அதனை ஒட்டாவிட்டால் பாடமாட்டேன் எனப் புருவான் உறுதியாக நின்றார். முகாமையாளர் பணிந்தார். தட்டையான வர்ணங்களும் தடித்த புறக்கோடுகளும் கொண்ட அக்கல்லச்சுச் சுவரொட்டி பாரிசின் சுவர்களில் ஏறியது இவ்வாறுதான். ஓவியரின் புகழ் வளர்ந்ததில் பாடகரின் பிடிவாதத்துக்கும் பங்குண்டு.

வறியோரைப் பாடியே புருவான் செல்வந்தரானார். பிறந்த ஊர்ப் பக்கத்தில் பெரிய மாளிகையில் வாழ்ந்தார். ஏழைகளின் துயரை விற்றவர் என்ற குற்றச்சாட்டை முற்றாகத் தள்ளிவிட முடியாது. எனினும் அச்சேரிகளின் பேச்சையும் வாழ்வையும் அவரளவு நெருங்கி அறிந்து பாடிய பாடகர் அன்று மிகச் சிலரே. 1898இல் பாரிசின் தொழிலாளர் பகுதியான பெல்வில்லில் தேர்தலில் நின்றார், தோற்றார். அவர்களைப் பாடியவருக்கு அவர்களது வாக்குகள் போதியளவு கிட்டவில்லை.

பிற்காலத்தில், இடிக்கப்படவிருந்த 'லப்பான் அஜீல்' என்ற விடுதிக் கட்டடத்தை வாங்கிக் காப்பாற்றினார். இளவயதுப் பிக்காசோ நாடிச்சென்ற இடம் அது. முதலாம் உலக யுத்தத்தில், 1917இல், புருவானின் மகன் போர்க்களத்தில் உயிரிழந்தார். 1924இல், 73 வயதில், புருவான் மீண்டும் பாரிஸ் மேடையேறிப் பாடினார். சில மாதங்களில், 1925 பெப்ரவரி 11ஆம் திகதி, பாரிசில் காலமானார்.